வாங்கிய தொழிலோடு வந்த டொமைன் பெயர்கள்: யார் பெயரில் இருக்க வேண்டும்?

நூல்வலை (திருப்பூர்):

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் இணையதளம் அமைத்துப் பராமரித்துவந்த ஒரு பெரியவர், ஓய்வெடுக்க விரும்பித் தம் தொழிலை அண்மையில் என்னிடம் விற்றார். வாடிக்கையாளர் பட்டியலோடும் கணக்குப் புத்தகங்களோடும், அவர்களுக்காக அவர் பதிவுசெய்து ஆண்டுதோறும் புதுப்பித்துவந்த நூற்றுக்கும் மேற்பட்ட டொமைன் பெயர்களும் (இணையதள முகவரிகள்) என் பொறுப்புக்கு வந்துள்ளன. பெரும்பாலானவை டாட் காம். மற்றவை டாட் இன் வகையைச் சேர்ந்தவை.

எல்லாப் பெயர்களும் அவருடைய ஒரே ரீசெல்லர் கணக்கில், அதாவது பெயர்களைப் பதிந்து தரும் பதிவு நிறுவனத்திடம் வாங்கி மறுவிற்பனை செய்பவருக்கான கணக்கில், இருக்கின்றன. பல பெயர்களில் உரிமையாளர் என்ற இடத்தில் அவருடைய சொந்தப் பெயரும், அவருடைய தனிப்பட்ட ஜிமெயில் முகவரியுமே உள்ளன. வாடிக்கையாளர்கள் ஆண்டுதோறும் பணம் கட்டுவதால் பெயர் தங்களுடையது என்றே நம்பியிருக்கிறார்கள். இதுவரை யாரும் சரிபார்த்ததில்லை. பெரியவர் நல்லவர், எதில் கையெழுத்துக் கேட்டாலும் போட்டுத் தருகிறேன் என்கிறார்.

இவற்றை என் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்வதா, ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயருக்கும் மாற்றுவதா என்பதே என் முதல் ஐயம். அவர்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் நான் விற்பதற்கு என்ன மிஞ்சும் என்ற கவலையும் உண்டு. இரண்டாவதாக, ஒரு ஏற்றுமதியாளர் சென்னையில் உள்ள வேறொரு நிறுவனத்துக்கு மாறப்போவதாகச் சொல்லி டொமைனைக் கேட்கிறார். ஆனால் இணையதளப் பராமரிப்புக்காக அவர் தர வேண்டிய தொகை இரண்டு ஆண்டுகளாக நிலுவையில் இருக்கிறது. அது வரும்வரை டொமைனை நிறுத்திவைக்கலாமா? மூன்றாவது, விலை. டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘வருடச் செலவு’ என்று ஒரே தொகையைப் பெரியவர் பல ஆண்டுகளாக வாங்கிவந்திருக்கிறார். அதையே தொடரலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பெயர்க்காவல்:

உங்கள் பெயருக்கு ஒன்றைக்கூட மாற்றாதீர்கள். அந்தந்த வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயருக்கு நேரே மாற்றுங்கள்.

பதிவுரிமை யாருடையது, கணக்கு யாருடைய கையில் இருக்கிறது, பணம் யார் கட்டுகிறார் என்னும் மூன்றும் வெவ்வேறு. பட்டா ஒருவர் பெயரிலும் சாவி காவல்காரரிடமும் இருப்பது போல, பதிவுரிமை வாடிக்கையாளருடையதாக இருக்கும்போதே கணக்கை நீங்கள் நிர்வகிக்கலாம். அந்த நிர்வாகம்தான் நீங்கள் விற்கும் பொருள். பெரியவர் பட்டாவையும் தம் பெயரிலேயே எழுதிக்கொண்டார். கெட்ட எண்ணத்தால் அல்ல, படிவத்தை நிரப்ப அதுவே எளிது என்பதால் இந்தத் தொழிலில் பலரும் இப்படித்தான் செய்துவந்திருக்கிறார்கள். ஆனால் அவருக்கு ஏதேனும் ஆகிவிட்டால், ஓர் ஏற்றுமதி நிறுவனம் வெளிநாட்டு பையர்களோடு பேசும் முகவரி அவருடைய வாரிசுகளின் பெயரில் நிற்கும். அந்த ஜிமெயிலை அவர் இரண்டு ஆண்டுகள் திறக்காமல் விட்டால், பயன்படுத்தாத கணக்கு என்று கூகுள் அதை நீக்கவும் கூடும். ஆகவே அவர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் இந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

உரிமையாளர் விவரத்தில் நிறுவனத்தின் பெயருக்கென்று தனி இடம் உண்டு. டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் அமைப்பான ஐகேனின் விதிகளின்படி அது நிரப்பப்பட்டிருந்தால் அந்த நிறுவனமே பதிவுரிமையாளராகக் கொள்ளப்படும். மேலாளரின் பெயரையோ முதலாளியின் மகனின் பெயரையோ மட்டும் எழுதி அதைக் காலியாக விட்டால் உரிமை அந்தத் தனிமனிதருக்குப் போய்ச் சேரும். ஜிஎஸ்டி சான்றிதழில் எப்படி உள்ளதோ அப்படியே எழுதுங்கள்.

மாற்றும்போது டாட் காம் போன்ற பெயர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. உரிமையாளரின் பெயர், நிறுவனம், மின்னஞ்சல் ஆகியவற்றில் முக்கியமான மாற்றம் செய்தால் பழைய உரிமையாளர், புதிய உரிமையாளர் ஆகிய இருவரும் ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் 60 நாட்களுக்கு அந்தப் பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுசெல்ல முடியாது. சில நிறுவனங்கள் இந்தப் பூட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிவிக்க வசதி தருகின்றன. மாற்றத்தைப் பதிந்த பிறகு கேட்டால் பயனில்லை. உங்களோடு தொடர்பவர்களுக்கு இந்தப் பூட்டால் தொல்லை எதுவும் இல்லை. சென்னைக்குப் போகிறவருக்கு மட்டும், முதலில் பெயரைப் புதிய பதிவு நிறுவனத்துக்கு இடம் மாற்றிவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் உரிமையாளர் விவரத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியவரின் ஒப்புதல் அப்போதும் தேவைப்படும் என்பதால் அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அடுத்து, மின்னஞ்சல் சரிபார்ப்பு. புதிய உரிமையாளரின் முகவரிக்கு ஒரு மடல் வரும். அதில் உள்ள இணைப்பை 15 நாட்களுக்குள் அழுத்தி உறுதிசெய்யாவிட்டால், பதிவு நிறுவனம் அந்தப் பெயரை முடக்கிவிடலாம், இணையதளமும் மின்னஞ்சலும் ஒருசேர நின்றுவிடும். மோசடி மடலைப் போலவே தோன்றும் அதை எந்த அலுவலகத்திலும் யாரும் திறப்பதில்லை. ஆகவே நூறு பெயர்களையும் ஒரே நாளில் மாற்றாமல், தொலைபேசியில் ‘இன்று ஒரு மடல் வரும், அழுத்துங்கள்’ என்று சொல்லி உறுதிசெய்துகொள்ள முடிகிற அளவில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

உரிமையாளரின் தொடர்பு முகவரியாக அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். காலாவதியைத் தெரிவிக்கும் மடல் போய்ச் சேர இடமிருக்காது. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான பின் ஐந்து நாட்களுக்குள் இன்னொரு முறையும் நினைவூட்டல் அனுப்பப் பதிவு நிறுவனங்கள் கடமைப்பட்டவை. அவை உங்கள் பெரியவரின் ஜிமெயிலுக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

காலாவதியான டாட் காம் பெயர் உடனே பறிபோவதில்லை. பதிவு நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாட்கள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க முடியும்; அதன்பின் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதில் பதிவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு தண்டம்; பிறகு 5 நாட்கள் யாரும் தொட முடியாமல் கிடந்து, பொதுவுக்கு வந்துவிடும். ஆனால் 45 நாட்கள் என்பது உரிமை அல்ல, சலுகை. பல நிறுவனங்கள் அதற்கு முன்பே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுகின்றன. புதுப்பிக்க மறப்பது சிறிய கடைகளுக்கு மட்டுமே நேர்வதும் அல்ல. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயில் உள்நுழைவுக்குப் பயன்பட்ட தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்து ஹாட்மெயில் பயனர்கள் தவித்தபோது, வெளியாள் ஒருவர் 35 டாலர் கட்டி அதைக் காப்பாற்றினார். 2003-ஆம் ஆண்டு அதே நிறுவனம் ஹாட்மெயிலின் பிரிட்டன் பெயரையும் மறந்தது.

கொங்கு சர்வர்:

மேலே சொன்னவை அனைத்தும் விதிப்படி சரி. நடைமுறை வேறு என்பதையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் பக்கத்து வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லே நினைவில் இருப்பதில்லை. அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால், ஓடிபி வருகிற கைப்பேசி யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். கணக்காளர் வேலையை விட்டுப் போனால் அந்த மின்னஞ்சலும் அவரோடு போய்விடும். பெயர் நம்மிடம் இருந்தால் நாம் மறக்காமல் புதுப்பிக்கிறோம். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் நிலுவையை வசூலிக்க நமக்கு இருக்கிற ஒரே பிடி டொமைன்தான். இணையதளத்தை நிறுத்தினால் வேறொருவரிடம் ஒரே வாரத்தில் புதிதாகச் செய்துகொள்வார்கள். டொமைனை நிறுத்தினால் அன்று மாலையே பணம் வரும். நூல்வலை கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் பதில், பணம் வரும்வரை கொடுக்காதீர்கள் என்பதே.

பெயர்க்காவல்:

முதல் பாதியில் நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் குறைக்கு மருந்து, கணக்கை நாம் வைத்திருப்பதே தவிர, உரிமையை நாம் எடுத்துக்கொள்வது அல்ல. புதுப்பிக்கவும், பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் நேம்சர்வரை மாற்றவும் கணக்குக்குள் நுழைய முடிந்தால் போதும். வாடிக்கையாளரின் ஓடிபி தேவைப்படாது. உரிமையாளரின் மின்னஞ்சல் தேவைப்படுவது மேலே சொன்ன சரிபார்ப்புக்கும், உரிமை மாறும்போதும், பெயரை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும்போதும்தான். அப்படிப்பட்ட வேலைகள் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்பதால்தான் அந்த ஏற்பாடே இருக்கிறது.

இரண்டாம் பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. ஐகேனின் மாற்றக் கொள்கையைப் படித்துப் பாருங்கள். இடமாற்றத்தை மறுக்க நிலுவையைக் காரணம் காட்டலாம் என்றாலும், அது அந்த டொமைனின் முந்தைய அல்லது நடப்புப் பதிவுக் காலத்துக்கான நிலுவையாக இருக்க வேண்டும். இனி வரப்போகும் காலத்துக்குப் பணம் கட்டவில்லை என்று மறுக்க முடியாது. இணையதளம் வடிவமைத்த கூலி பாக்கி என்று மறுப்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. பணத் தகராறு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, மாற்றத்துக்கான கடவுச்சொல்லாகிய ஆத் கோடை உரிமையாளருக்குத் தராமல் இருக்கவும் பதிவு நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. கேட்ட ஐந்து நாட்களுக்குள் தந்தாக வேண்டும். ரீசெல்லராகிய நாம் மறுத்தால் வாடிக்கையாளர் ஐகேனின் தேடல் பக்கத்தில் தம் பெயரைப் போட்டு, மேலே இருக்கும் பதிவு நிறுவனம் எது என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து நேரே எழுதலாம். அந்த நிறுவனம் நமக்காகத் தன் அங்கீகாரத்தைப் பணயம் வைக்காது.

உரிமையாளர் பெயரே நம்முடையதாக இருந்தால் இந்த விதிகளைத் தாண்டிவிடலாம் என்பது நீங்கள் சொல்லாமல் விட்ட பகுதி. தாண்டலாம்தான். ஆனால் அது ஆண்டுதோறும் அவரிடம் பணம் வாங்கி, அவருடைய நிறுவனப் பெயரை நம் பெயரில் பதிந்துவைத்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதாகும். அவர் பெயர் பதிவுசெய்யப்பட்ட வணிக முத்திரையாக இருந்தால், டாட் காமுக்கு 1999 முதல் நடைமுறையில் உள்ள யூடிஆர்பி என்னும் பெயர்த் தகராறு தீர்வு முறை வழியாகவும், டாட் இன்னுக்கு அதை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்ஸியின் ஐஎன்டிஆர்பி என்னும் அதே போன்ற முறை வழியாகவும் அவர் வழக்குத் தொடுக்க முடியும். அங்கே ‘பராமரிப்புப் பாக்கி’ என்ற வாதம் நம் எண்ணத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். நிலுவையை வசூலிக்க வக்கீல் நோட்டீஸ் இருக்கிறது. நம் சர்வரில் உள்ள நம் வேலையை நிறுத்திவைக்கும் உரிமையும், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், இருக்கிறது.

நூல்வலைக்கு ஒரு கூடுதல் குறிப்பு. சென்னைக்குப் போகிறவரின் பெயர் காலாவதியாகும் தறுவாயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடமாற்றத்தோடு ஓராண்டு தானாகவே கூடும். ஆனால் காலாவதிக்குப் பின் நீங்கள் புதுப்பித்து, காலாவதித் தேதியிலிருந்து 45 நாட்களுக்குள் அவர் இடம் மாறினால் அந்தப் புதுப்பித்தல் ரத்தாகி, மாற்றத்தால் வரும் ஓராண்டு மட்டுமே நிற்கும். அவர் இரண்டு இடத்தில் பணம் கட்டி ஓராண்டுதான் பெற்றிருப்பார். அந்தப் பழி உங்கள்மேல் விழும்.

கணக்குப்பிள்ளை (கோவை):

நான் கணக்குப் பக்கம் இருப்பவன்; விலைக் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். ‘வருடச் செலவு’ என்ற ஒற்றைத் தொகையை விட்டுவிடுங்கள். டாட் காம் பதிவகத்தை (எல்லா டாட் காம் பெயர்களுக்குமான மூலப் பதிவேடு) நடத்தும் வெரிசைன், பதிவு நிறுவனங்களிடம் வாங்கும் மொத்த விலை 2021 செப்டம்பருக்கு முன் 7.85 டாலராகப் பல ஆண்டுகள் அசையாமல் இருந்தது. அதன்பின் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7 விழுக்காடு ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலரானது. இதன்மேல் ஐகேனின் சிறு கட்டணம், பதிவு நிறுவனத்தின் லாபம், 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஆகியவை சேரும். டாலர் மதிப்பு தனியே ஏறுகிறது. ரூபாயில் ஒரே தொகையைப் பல ஆண்டுகளுக்கு வாக்களித்த பெரியவர், அந்த ஏற்றத்தையெல்லாம் தம் ஹோஸ்டிங் வருமானத்திலிருந்து ஈடுகட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். நிலையான விலை கேட்கும் வாடிக்கையாளருக்கு அத்தனை ஆண்டுகளையும் இன்றைக்கே பதிவுசெய்து கொடுங்கள். டாட் காமில் மொத்தம் பத்து ஆண்டுகள் வரை முடியும்.

பில்லில் டொமைன் கட்டணத்தையும் உங்கள் நிர்வாகக் கட்டணத்தையும் தனித்தனி வரியில் காட்டுங்கள். வாடிக்கையாளருடைய ஜிஎஸ்டி எண்ணைக் குறித்தால் உள்ளீட்டு வரியை அவர் கழித்துக்கொள்வார். முதல் ஆண்டு மிகமலிவு என்று விளம்பரம் செய்யும் விலையில் வாங்கி விற்றால், இரண்டாம் ஆண்டு முழு விலை வரும்போது விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். டாட் ஷாப் போன்ற புதிய வகை டொமைன் பின்னொட்டுகளில் ‘பிரீமியம்’ என்று குறிக்கப்பட்ட பெயர்களின் புதுப்பித்தலும் பெரும்பாலும் அதே உயர்ந்த விலையில் இருக்கும். இதை விற்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று: ‘உங்கள் பிராண்ட் பெயரை ஒரு சீன நிறுவனம் பதிவுசெய்ய வந்திருக்கிறது, உடனே பணம் கட்டினால் தடுக்கிறோம்’ என்று ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மடல்கள் வருவது வழக்கம். அவை வியாபாரத் தந்திரம். டொமைன் சம்பந்தமாக யார் பில் அனுப்பினாலும் முதலில் உங்களுக்கு அனுப்பிக் கேட்கும்படி எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். நிர்வாகக் கட்டணத்துக்கு நீங்கள் தரும் வேலைகளில் இதுவும் ஒன்று.

சிராங்கூன் வாசகர்:

சிங்கப்பூரில், பெயர் யாருடையது என்ற கேள்விக்கு ஓரளவு இடமில்லாமல் செய்திருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். டாட் எஸ்ஜி பெயரைப் பதிவுசெய்தால், நிர்வாகத் தொடர்பாளராகக் குறிக்கப்பட்டவர் தம் சிங்பாஸ் (அரசு தரும் மின்னணு அடையாளம்) கொண்டு 21 நாட்களுக்குள் உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் பெயர் நிறுத்தப்படும். முகவர் தம் மின்னஞ்சலைப் போட்டு எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வழியில்லை. முதலில் எங்களுக்கும் இது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது வாடிக்கையாளர் விலகிப் போகும்போது வாய்ச்சண்டை வருவதில்லை. டாட் இன்னிலும், உரிமையாளரை மறைக்கும் தனியுரிமைச் சேவைக்கு அனுமதி இல்லை என்பதால், நூல்வலை அந்தப் பெயர்களை முதலில் திருத்துவது நல்லது.

நூல்வலை (திருப்பூர்):

அனைவருக்கும் நன்றி. வாடிக்கையாளர் பெயருக்கே மாற்றுவது என்று முடிவுசெய்து, டாட் இன்னிலிருந்து தொடங்கிவிட்டேன். சென்னைக்குப் போகிறவரிடம் நிலுவைக்குத் தனியாகக் கடிதம் கொடுத்துவிட்டு ஆத் கோடையும் கொடுக்கப்போகிறேன். கொங்கு சர்வர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றத் தொடங்கியதும் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. ஒரு கூட்டு நிறுவனத்தில் இரண்டு பங்காளிகளும் பிரிந்துவிட்டார்கள். இருவரும் தனித்தனியே அழைத்து, டொமைனைத் தம் புதிய நிறுவனத்தின் பெயருக்கு மாற்றச் சொல்கிறார்கள். ஒருவர் பல ஆண்டுகளாகத் தம் கணக்கிலிருந்து பணம் கட்டியதைக் காட்டுகிறார். மற்றவர் பெயரைத் தேர்ந்தெடுத்ததே தாம்தான் என்கிறார். இப்போதும் பதிவில் இருப்பது பெரியவரின் பெயர். என்ன செய்வது?

பெயர்க்காவல்:

இருவரில் யாருக்கும் மாற்றாதீர்கள். அவர்கள் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுவதற்கு இருவரும் எழுத்தில் சம்மதித்தால் மாற்றுங்கள். சம்மதிக்காவிட்டால் உள்ளபடியே விட்டு, எந்த மாற்றமும் செய்யப்போவதில்லை என்று இருவருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் அனுப்புங்கள். பங்கு பிரிந்த ஒப்பந்தப் பத்திரத்தில் வணிகப் பெயர் யாருக்கு என்று எழுதியிருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். இல்லாவிட்டால் இருவரும் கையெழுத்திட்ட கடிதமோ நீதிமன்ற உத்தரவோ வரும்வரை காத்திருக்கலாம். உரிமையாளர் யார் என்பதில் நியாயமான தகராறு இருந்தால் இடமாற்றத்தை மறுக்க ஐகேன் கொள்கையே அனுமதிக்கிறது. ஆகவே இங்கே நிறுத்திவைப்பதும், நிலுவைக்காக நிறுத்திவைப்பதும் ஒன்றல்ல.

அதுவரை இடமாற்றப் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணக்குக்கு இரண்டு படி உள்நுழைவு இல்லையென்றால் இன்றே வைத்துவிடுங்கள். பெயரைத் தளத்தோடும் மின்னஞ்சலோடும் இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகள் முழுவதையும் நகலெடுத்துத் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருவருடைய மின்னஞ்சல் பெட்டிகளும் முன்போலவே இயங்கட்டும். ஒருவர் கேட்டார் என்று மற்றவருடைய பெட்டியை மூடினால் நீங்களும் வழக்கில் ஒரு கட்சியாகிவிடுவீர்கள். பையர்கள் பணம் அனுப்பும் விவரங்கள் அந்த மடல்களில்தான் இருக்கும். தகராறு முடியும் முன் காலாவதித் தேதி வந்துவிட்டால் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் புதுப்பித்துவிடுங்கள். பெயர் கைநழுவிப் போனால் இருவரும் முதல்முறையாக ஒன்றுசேர்வார்கள், உங்களுக்கு எதிராக. அந்தப் பணத்தை இருவரில் யார் கட்ட முன்வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ரசீதைக் கட்டியவரின் பெயரில் எழுதாமல், பழைய கூட்டு நிறுவனத்தின் பெயரில், இன்னார் வழியாகப் பெறப்பட்டது என்று எழுதுங்கள். அப்போதுதான் அந்த ரசீதையே உரிமைச் சான்றாகக் காட்ட முடியாது.